எத்தனை மான் என்று கேட்டவன்

ஆறு தூங்கிக்கொண்டிருந்தது.

உலகத்தின் வடகோடியில் ஓடும் வில்கெஸ் ஆறு காலை வேளைகளில் அப்படித்தான். மேலே பனிப்பாறை குளிரில் இறுகிக் கிடக்கும். கீழே ஆறு பால் கலந்த தண்ணீராய்ச் சாதுவாக ஓடும். வெயில் ஏற ஏற அதற்கும் கோபம் ஏறும். சாயங்காலம் பார்த்தால் அதே ஆறுதானா என்று சந்தேகமே வந்துவிடும். அதனால் பனிமான் மேய்க்கும் எங்கள் ஆட்கள் மந்தையோடு ஆற்றைக் கடப்பதெல்லாம் காலையில்தான். ஆற்றின் நடுவே ஒரு பெரிய கல் உண்டு. கல்லின் தலை காய்ந்திருந்தால் கடக்கலாம். நனைந்திருந்தால் அடுப்பை மூட்டிக் காபி போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இன்றைக்குத் தலை காய்ந்திருந்தது.

"அண்ணே… கல்லப் பாத்தியா?" என்றாள் ரவ்னா.

"பாத்தேன், பாத்தேன். கட்டிக்கப் போற மாப்பிள்ளையக்கூட நீ இப்படி ஆசையாப் பாக்க மாட்டே!" என்றான் லெமெத். அவளுடைய பெரியப்பா மகன். வாய் ஓயாத மனிதன்.

ரவ்னா சிரிக்கவில்லை. மந்தையை அவள் முன்னால் நின்று ஓட்டி வரும் முதல் கோடை இது. சரிவு முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாகப் பனிமான்கள்… தாய் மான்கள், அவற்றின் காலோடு ஒட்டிக்கொண்டு இந்த வருஷத்துக் கன்றுகள். அக்கரையில் பட்டி தயாராக இருந்தது. அங்கே கொண்டு சேர்த்தால்தான் கன்றுகளின் காதில் அந்தந்தக் குடும்பத்தின் அடையாளத்தை வெட்ட முடியும். அடையாளம் இல்லாத கன்று யாருக்கும் சொந்தமில்லாத கன்று. பட்டிக்குப் பக்கத்தில் புகை எழுந்தது. புகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது அவள் அம்மா மாரெட்டின் தொப்பி.

போன வருஷம் வரை அம்மாதான் முன்னால் நடந்தாள். போன வருஷம் இதே கல்லுக்குப் பக்கத்தில், கூட்டமாக இறங்கிய கன்றுகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. அம்மா அழவில்லை. "நான் தாமதமா வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மந்தைக்கு முன்னால் நடக்கவேயில்லை.

இந்த வருஷம் ஒரு கன்றுகூடப் போகக் கூடாது… ஒன்றுகூட! வழி நெடுக ரவ்னா பல்லைக் கடித்துக்கொண்டு இதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மந்தைக்கு முன்னால் மணி குலுங்க நடந்தது ஸில்பா. வெள்ளை நிறத்தில், வீட்டோடு பழகின ஆண் மான். ரவ்னாவின் உள்ளங்கையில் உப்பு நக்கியே வளர்ந்தது. கல்லை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்த ஸில்பா திடீரென்று நின்றது. தலையைத் தூக்கியது. அதற்கு எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ… சட்டென்று இடது பக்கம் திரும்பி ஓட்டமெடுத்தது.

ஸில்பா ஓடினால் மந்தையே ஓடும். ஓடியது!

"ஸில்பா! டேய்… நில்லுடா!"

யார் கேட்டார்கள்? ரவ்னா மேட்டில் ஏறி மூச்சு வாங்க எட்டிப் பார்த்தாள். ஆற்றங்கரையில் ஒரு மரக்குடில். குடில் வாசலில் ஒருவன், கையில் வாளியோடு. அவனைச் சுற்றிலும் கொம்புகள். அவன் காலடியில் கிழிந்து கிடந்த மூட்டையிலிருந்து வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டிக் கிடந்தது. ஸில்பா அதில் முகத்தையே புதைத்துவிட்டது.

"யோவ்! என்ன பண்ணிட்டிருக்கே?" ரவ்னா கத்தினாள்.

"நானா? உங்க மான் என்ன பண்ணுதுன்னு பாருங்க முதல்ல! இது ஆராய்ச்சி உப்புங்க… ஆத்துல கொட்ட வெச்சிருந்தது!"

"ஆத்துல உப்பு கொட்டறியா? ஏன், ஆறு சப்புன்னு இருக்கா?"

பின்னால் லெமெத் வெடித்துச் சிரித்தான். அந்த ஆள் வாளியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் ரவ்னா அவன் கண்களைப் பார்த்தாள். பனிப்பாறையின் வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு நீலம் தெரியுமே… அந்த நீலம். கோபப்பட வந்தவள் ஒரு நொடி எதற்கு வந்தோம் என்பதையே மறந்தாள். ஒரே நொடிதான். அப்புறம் தன் மேலேயே கோபம் வந்து, அதையும் சேர்த்து அவன் மேல் போட்டாள்.

"இந்நேரம் நாங்க பாதி ஆத்துல இருக்கணும். உன்னால மந்தை நின்னுபோச்சு. இனி உப்பு தீர்ற வரைக்கும் எதுவும் அசையாது!"

அவன் ஒரு மூட்டையை இழுத்துக் குடிலுக்குள் தள்ளினான். இன்னொன்றை இழுத்தான். கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, மேட்டிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டேயிருந்த மான்களை மலைப்போடு பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம்…

"அம்மாடி! மொத்தம் எத்தனை மான் வெச்சிருக்கீங்க நீங்க?"

லெமெத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ரவ்னாவின் முகம் காது வரை சிவந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

"என்னங்க… நான் என்ன தப்பாக் கேட்டேன்?"

லெமெத் அவன் தோளில் கை போட்டான். "தம்பி, எந்த ஊரு?"

"தெற்கே… பேரு ஆர்விட்."

"அதான். ஆர்விட் தம்பி, பேங்குல எவ்வளவு போட்டு வெச்சிருக்கேன்னு வழியில பாத்த பொண்ணுகிட்ட கேப்பியா?"

"ஐயோ… மாட்டேன்."

"இதுவும் அதேதான். அந்தக் கணக்கை நாங்க வெளியில சொல்றதில்ல. எனக்கே அவ கணக்கு தெரியாது. அவ வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும். புரியுதா?"

ஆர்விட்டுக்குப் புரிந்தது. புரிந்ததும், ஆற்றில் கொட்ட வைத்திருந்த உப்பில் தானே விழுந்து கரைந்துபோகலாம் போல இருந்தது.

ரவ்னாவின் இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "கல்லு முங்கப் போகுது! எங்கடி இருக்கீங்க?" அம்மாவின் குரல்.

"உப்பு நக்கிட்டிருக்கோம்மா…"

"யாரு?"

"மந்தை! அப்புறம் சொல்றேன்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கல்லின் தலை மேல் முதல் அலை ஏறி இறங்கியது. இன்றைக்கு அவ்வளவுதான்.

*

மத்தியானம் தூறல் போட்டது. மான்கள் உப்புத் தின்ற மயக்கத்தில் சரிவெங்கும் படுத்து அசைபோட்டன. ரவ்னா தார்ப்பாய்க்கு அடியில் காபி வைத்தாள். கோபத்தில் தூளை அள்ளிப் போட்டுவிட்டாள். கறுப்போ கறுப்பு.

ஆர்விட் தூறலில் நனைந்துகொண்டே வந்து நின்றான். மூடிய கையை நீட்டினான்.

"என்ன இது?"

கையைத் திறந்தான். உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு. "காபியில ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பீங்கன்னு லெமெத் அண்ணன் சொன்னாரு… உங்க உப்புப் பையை ஸில்பா தின்னுட்டதாவும் சொன்னாரு."

"அண்ணன் வேற என்ன சொன்னாரு?"

"நான் கேட்ட கேள்வி எவ்வளவு பெரிய தப்புன்னு சொன்னாரு. மன்னிச்சுக்கங்க… நெஜமாவே தெரியாது."

தூரத்தில் லெமெத் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சீட்டியடித்தான். ரவ்னா உதட்டைக் கடித்து வந்த சிரிப்பை அடக்கினாள். ஒரு சிட்டிகையைக் காபியில் போட்டு, மரக் கிண்ணத்தில் வழக்கம்போலப் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நல்லாருக்கு" என்றான் வீரமாக.

"பொய் சொன்னா எங்க ஊர்ல ரெண்டாவது கிண்ணமும் உண்டு."

"…கொஞ்சம் கரிக்குது."

அப்போது இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். கண்ணோரத்தில் தூறல் துளியோடு அவன் சிரித்தது ரவ்னாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று தெரிந்ததும் உடனே அடுப்பைக் குனிந்து ஊதினாள்.

"ஆமா… ஆத்துல உப்பைக் கொட்டி என்ன ஆகப் போகுது?"

"இந்தக் காபி கரிக்குதில்ல? இதே சிட்டிகையைப் பெரிய அண்டாவுல போட்டிருந்தா?"

"தெரியவே தெரியாது."

"அவ்வளவுதான் விஷயம். மேல கொட்டுவேன். கீழ ஒரு கருவி எவ்வளவு கரிக்குதுன்னு பாக்கும். கரிப்பு குறைஞ்சா தண்ணி ஜாஸ்தி. அப்படித்தான் ஆத்தை அளக்கறது." அவன் ஆற்றைப் பார்த்தான். "மேல பனிப்பாறைக்கு ஒரு மெத்தை இருந்துச்சுங்க. வருஷக்கணக்கா சேர்ந்த பழைய பனி. மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் அது உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெதுவா விடும். இப்போ அந்த மெத்தை போயிடுச்சு. வெறும் வழுக்கல். பெய்யற மழையெல்லாம் அன்னைக்கே ஆத்துக்கு வந்துடுது. நாளைக்குப் பெரிய மழை வருது… அதை அளக்கத்தான் கோடை பூரா இங்க காத்துக்கிட்டிருக்கேன்."

"மழைக்கு முன்னால நாங்க கடந்துடுவோம். காலையில கல்லு காஞ்சிரும்."

ஆர்விட் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயா கடக்கப் போறீங்க?"

"வேற எங்க? எங்க அம்மா வாழ்நாள் பூரா அங்கதான் கடந்தா."

"அங்க ஆழம் அதிகம். போன வாரம் கம்பு விட்டுப் பாத்தேன். கல்லு தலை காஞ்சிருந்தப்பவே என் மாருக்கு வந்துச்சு."

"இருக்கவே இருக்காது. தலை காஞ்சிருந்தா முழங்கால்தான்."

"முன்னாடி முழங்காலா இருந்திருக்கலாம். வெள்ளம் அடியை அரிச்சுட்டுப் போயிடுச்சுங்க. மேல தண்ணி அதே மட்டத்துலதான் தெரியும்… கீழ பள்ளம். கல்லு பொய் சொல்லல. ஆத்துக்குத்தான் அடி போயிடுச்சு."

ரவ்னா எழுந்துவிட்டாள். முகம் இறுகிவிட்டது. "உங்கள மாதிரி எத்தனையோ பேர் வந்தாங்க. ஹெலிகாப்டர்ல வருவாங்க, அளப்பாங்க, போவாங்க. நாங்க இங்கயே கிடக்கணும். அம்மா அங்க நின்னு பாத்துக்கிட்டிருக்கா. நாளைக்கு நான் கல்லை நம்பாம வேற எங்கயோ போனா, அவ முகத்துல எப்படி முழிக்கறது?"

"நம்பச் சொல்லல. ஒரு தடவை இறங்கிப் பாருங்க."

அவள் ஆற்றைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். போன வருஷம் தண்ணீரில் தெரிந்து மறைந்த சின்னச் சின்னத் தலைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"சரி. காலையில மந்தை இறங்கறதுக்கு முன்னால நான் மட்டும் இறங்கறேன். கயிறு பிடிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"நடுவுல விட்டுட மாட்டீங்களே?"

"மாட்டேன்" என்றான் ஆர்விட். அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதத்தில் ரவ்னா சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

*

மறுநாள் காலையில் கல்லின் தலை காய்ந்திருந்தது. மேற்கே மட்டும் மேகம் கன்னங்கரேலென்று திரண்டு வந்தது.

மான் பிடிக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ரவ்னா இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. முழங்கால்… இன்னும் முழங்கால்தான். பார்த்தாயா என்று கரையிலிருந்தவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். கல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த காலை வைத்தாள்.

காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

இடுப்பு, மார்பு, கழுத்து… குளிர் மூச்சை அடைத்தது. ஆறு அவளைப் பிடித்து இழுத்தது. தூக்கம் எல்லாம் மேலேதான். அடியில் அது விழித்துக்கொண்டு இருந்தது. அம்மா என்று கத்த வாயைத் திறந்தவளின் வாய்க்குள் தண்ணீர் போனது. அப்போது இடுப்பில் கயிறு இறுகியது… இறுகியது… விடவேயில்லை. கரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகம் அவன் சட்டையில் புதைந்திருந்தது. அவன் இதயம் அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது. அவன் கை அவள் முதுகிலிருந்து விலகவில்லை. எடுக்கச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

"விடல…" என்றான் மூச்சு வாங்க. உள்ளங்கைகளில் கயிறு உரித்த ரத்தம்.

கரையில் கிடந்த வாக்கி-டாக்கி அலறியது. "ரவ்னா! ரவ்னா! என்னடி ஆச்சு? கல்லு காஞ்சுதானே இருக்கு!"

ரவ்னா அதை எடுத்தாள். "ஆமாம்மா… காஞ்சுதான் இருக்கு. ஆனா கீழ தரையே இல்ல. பள்ளமாயிடுச்சு. இங்க மந்தையை இறக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? மழை வருது. விட்டா நாள் கணக்கா ஆத்துல இறங்க முடியாது. கன்னெல்லாம் அடையாளம் இல்லாம மலைக்குச் சிதறிடும். இறக்கு! போன வருஷம் நான் தாமதமா வந்ததுலதான்…"

"நீ தாமதமா வரலம்மா!" ரவ்னா கத்தியே விட்டாள். அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "போன வருஷமும் கல்லு காஞ்சுதான் இருந்துச்சு. நான் உன் பின்னாலதானே வந்தேன், என் கண்ணால பாத்தேனே! நீ சரியாத்தான் வந்தே. ஆறுதாம்மா மாறிடுச்சு…"

அக்கரையில் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. "அப்போ எங்கடி கடப்பே?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

ரவ்னா ஆர்விட்டைப் பார்த்தாள்.

"மேல… அந்த வளைவைத் தாண்டி" என்றான். "ஆறு அஞ்சாறு கிளையாப் பிரிஞ்சு கூழாங்கல்லு மேல பரந்து ஓடுது. எங்கயும் முழங்காலைத் தாண்டாது. தண்ணி சிதறிப் போறதால எனக்கு அது உப்புப் பெறாத இடம்… அங்க அளக்கவே முடியாது. கடக்கறதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது."

"இடம் நல்லாத்தான் இருக்கும்" என்றான் லெமெத். "மந்தைக்கு யாரு சொல்றது? தலைமுறையா இங்கயே இறங்கிப் பழகினது. இழுத்தாலும் அங்க வராது."

ரவ்னா தலைமுடியைப் பிழிந்து பின்னால் தள்ளினாள். ஸில்பாவைப் பார்த்தாள். ஸில்பா குடிலின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரும்" என்றாள். பிறகு ஆர்விட்டிடம், குரலைத் தாழ்த்தி, "உள்ள எத்தனை மூட்டை மிச்சம்?" என்று கேட்டாள்.

அவன் குடிலைத் திரும்பிப் பார்த்தான். இன்றைய வெள்ளத்துக்காகத்தான் கோடை முழுக்க அந்த உப்பைக் கட்டிக் காத்தான். அதைக் கொடுத்தால் இந்த வருஷத்து அளவு போனதுதான். ரவ்னாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள், கேட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். ஈரத்தில் ஒட்டிய இமைகளுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கண்கள்… ஐயோ, அவன் என்ன செய்வான்?

"மூணு" என்றான். கதவைத் திறந்தான்.

*

அதற்குப் பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. ஆர்விட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கிளையாகக் கடந்தான். நடுவில் இருந்த ஒவ்வொரு கூழாங்கல் திட்டிலும் உப்பைக் குவித்தான். ஒரு மூட்டை தீர்ந்தது. திரும்பி ஓடி இன்னொன்றைத் தூக்கினான். ரவ்னா உள்ளங்கை நிறைய உப்போடு ஸில்பாவின் மூக்குக்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். "வாடா ராஜா… வாடா தங்கம்… நேத்து அந்த ஓட்டம் ஓடினியே, இப்போ ஓடேன்டா!"

ஸில்பா முதல் கிளையின் ஓரத்தில் நின்றது. திரும்பிக் கல்லைப் பார்த்தது. அவள் கையைத் தாழ்த்தினாள். ஸில்பா ஒரு நக்கு நக்கியது. காலைத் தண்ணீரில் வைத்தது.

மணி குலுங்கியது. பின்னால் மந்தை அசைந்தது. லெமெத்தும் அவன் நாயும் கடைசியில் வந்தார்கள். தாய்கள் இறங்க, கன்றுகள் ஒட்டிக்கொண்டே இறங்கின. தண்ணீர் கன்றுகளின் வயிற்றைத் தொட்டது. அவ்வளவுதான். திட்டுக்குத் திட்டு, உப்புக்கு உப்பு…

கடைசிக் கிளைக்கு வந்தபோது மழை கொட்டியது. சாதாரண மழையில்லை, வெதுவெதுப்பான மழை. பனிப்பாறைப் பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்டது. ரவ்னா கரையேறி, பின்னால் வருகிற கன்றுகளைக் கண்ணால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மந்தை முழுக்க ஏறிவிட்டது என்று லெமெத் கையைத் தூக்கினான். இல்லை! கரையில் ஒரு தாய் மான் ஆற்றைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தது.

நடுத் திட்டில் ஒரு கன்று. கால் மடங்கி நின்று நடுங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்றுகூட… ரவ்னா யோசிக்கவில்லை, இறங்கினாள். எதிர்ப்பக்கத் திட்டிலிருந்து ஆர்விட்டும் இறங்கினான். அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அவளை நோக்கி வந்தான். நடு ஆற்றில் கன்று கை மாறியது. அவர்கள் கைகள் ஒன்றின் மேல் ஒன்று… பிரிய மனமில்லாமல்…

"நீயும் வா!" அவள் அவனை முதன்முதலாக உரிமையோடு அழைத்தாள்.

அவன் பட்டி இருந்த கரையைப் பார்த்தான். தன் குடிலைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்தது. "போ" என்றாள் உடனே. "உன் வெள்ளம் வருது. கதவுக்குப் பின்னால ஒரு மூட்டைய ஒளிச்சு வெச்சுட்டுத்தான் வந்தேன். போய் அள!"

"ரவ்னா…"

"கோடை பூரா காத்திருந்தேல்ல? ஓடு, ஆத்துக்கு முன்னால ஓடு!"

அவன் ஓடினான். அவன் கடைசித் திட்டைத் தாண்டிக் கரையேறியதும், மேலேயிருந்து சேற்று நிறத்தில் ஒரு சுவர் போல வெள்ளம் இறங்கியது. திட்டுகள் மறைந்தன. உப்புக் குவியல்கள் மறைந்தன. பெரிய கல் இருந்த இடத்தில் ஒரு சுழல் மட்டும் தெரிந்தது.

அம்மா மழையில் நனைந்தபடி அந்தச் சுழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரவ்னா தோளிலிருந்த கன்றை இறக்கிவிட்டாள். அது தள்ளாடிப் போய்த் தாயின் மடியைத் தேடியது.

"அப்போ நான் தாமதமா வரலையா?" என்றாள் மாரெட், சின்னக் குழந்தையைப் போல.

"இல்லம்மா."

ஒரு வருஷத்து அழுகையை மாரெட் மகளின் தோளில் அன்றைக்குத்தான் அழுது தீர்த்தாள்.

*

காது அடையாளம் வெட்டும் வேலை மும்முரமாக நடந்தது. ரவ்னாவின் கத்தி கன்றின் காதில் இருந்தது. கண் அக்கரையில் இருந்தது. அங்கே ஆர்விட்டிடம் லெமெத் தன் வாக்கி-டாக்கியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். மறதியால் ஒன்றுமில்லை, எல்லாம் வேண்டுமென்றுதான்.

"ரவ்னா… கேக்குதா?"

பட்டியில் இருந்த எல்லார் இடுப்பிலும் அந்தக் குரல் ஒரே நேரத்தில் கேட்டது. வேலை நின்றது.

"கேக்குது" என்றாள் ரவ்னா, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"அளந்துட்டேன். அந்த ஒரு மூட்டை போதுமா இருந்துச்சு. இவ்வளவு தண்ணி ஒரே நாள்ல வந்து நான் பாத்ததில்ல. இன்னும் சில வருஷம் இப்படித்தான் கூடும்… அப்புறம் பனிப்பாறை சிறுத்து, தண்ணியும் குறையும். கடக்கற இடம் வருஷா வருஷம் மாறலாம். அதனால… நான் வருஷா வருஷம் வந்து பாத்துச் சொல்லட்டுமா?"

"அதுக்குத்தானா வருவே?"

லெமெத் கன்றை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினான்.

"இல்ல" என்றது குரல். "அதுக்காக மட்டும் இல்ல. உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு ரவ்னா. கயிறு கையை உரிச்சப்பவே தெரிஞ்சிடுச்சு… விடவே முடியாதுன்னு."

பட்டி முழுக்க 'ஓ' என்று கூவியது. அக்கரையில் அந்தக் கூச்சல் கேட்டிருக்க வேண்டும், "ஐயோ, இது எல்லாருக்கும் கேக்குதா?" என்று பதறியது வாக்கி-டாக்கி.

ரவ்னா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மாரெட் வந்து அவள் வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள். எல்லாரும் கப்சிப்.

"தம்பி! இங்க காபிக்கு உப்பு இல்ல. ஆறு வடிஞ்சதும் எடுத்துக்கிட்டு வா!"

ஆறு வடிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில், ஆறு மறுபடியும் தூங்கும் நேரத்தில், ஆர்விட் கிளை கிளையாகக் கடந்து வந்தான். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் உப்பு. நடுத் திட்டு வரை அவனே வந்தான். மிச்சத்துக்கு ரவ்னா இறங்கிப் போனாள். பட்டிக் கரையில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேறு பக்கம் பார்க்க வேலை வந்துவிட்டது.

"நான் சொன்னதுக்கு நீ பதிலே சொல்லல" என்றான்.

"நீ முதல் நாள் ஒண்ணு கேட்டேல்ல, அதுக்கே நான் இன்னும் பதில் சொல்லல."

"எது? ஐயோ… அந்த மான் விஷயமா? அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே! மறந்துடு…"

"குனி" என்றாள்.

அவன் குனிந்தான். ரவ்னா கன்றைத் தூக்கிய கைகளால் அவன் தலையைப் பிடித்து இழுத்து, ஈரக் காதில் உதட்டை வைத்து ஓர் எண்ணைச் சொன்னாள். ஒரே ஒரு எண்.

அவனுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு லெமெத் சொன்னது மெல்ல ஞாபகம் வந்தது… 'அவ வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும்.' அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"ரவ்னா… இதை நீ… என்கிட்டயா?"

"வெளியில சொன்னே, தொலைச்சுடுவேன்" என்றாள் ரவ்னா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "அதுல ஒண்ணு, நீ தூக்கிட்டு வந்தது."